கொள்ளைநோயும் கோயிற் கடமையும்

1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் விவேகானந்த சுவாமிகள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். மேல்நாட்டில் மூன்றாண்டுக்கு மேல் தங்கி, நம் சமயத்தின் பெருமையை எடுத்துரைத்துவிட்டுத் தாயகம் திரும்பும் வழி அது. கொழும்பு மக்கள் பந்தலிட்டுத் தோரணம் கட்டி அவரை வரவேற்ற செய்தி நம் சங்கத்தார் அனைவரும் அறிந்ததே. பின்னர் அவர் புகையிரதத்திற் கண்டி வந்து, மாத்தளை சென்று, அங்கிருந்து வண்டியேறி அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போனார். தம்புள்ளையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் வண்டிச் சக்கரம் முறிந்தது. சுவாமிகள் காட்டு வழியில் மணிக்கணக்கிற் காத்திருந்து, பின்னர் மாட்டுவண்டியிற் பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று.

அந்தப் பாதையை மலையகத்தாராகிய நாம் மறக்கலாகாது. சுவாமிகள் மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கிப் போன அதே வழியிலேதான், அவருக்கு முன் பல்லாண்டுகளாக நம் முன்னோர் தெற்கு நோக்கி நடந்து வந்தனர். இராமநாதபுரக் கரையிலே தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டையும் வறண்ட வெளியையும் கால்நடையாகக் கடந்து, மாத்தளையை அடைந்து, பின்னர் கோப்பித் தோட்டங்களுக்கு மலையேறினர். வழியிலே வாந்திபேதியும் அம்மையும் அவர்களை வாரிக்கொண்டு போயின. கூட்டம் நிற்க முடியாது; நின்றால் நிற்பவனையும் நோய் பற்றும். ஆதலால் விழுந்தவனை விழுந்த இடத்திலே விட்டுவிட்டு நடந்தனர். பாதையோரத்துக் கிராமத்தவரோ, இவர்கள் நோயைக் கொண்டு வருகின்றார்கள் என்று அஞ்சி விலகினர். அந்தப் பாதை வந்து சேரும் மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருப்பதையும், நம் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் இருப்பதையும் காணும்போது, நம் சமூகத்தின் சமய வரலாறும் நோய் வரலாறும் ஒரே பாதையில் நடந்து வந்தவை என்பது தெளிவாகும்.

சுவாமிகள் வந்திறங்கிய அந்த 1897ஆம் ஆண்டிலே வேறு இரண்டும் பிறந்தன. இந்தியாவிலே தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. இலங்கையிலே தனிமைப்படுத்தலும் நோய்த் தடுப்பும் பற்றிய 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1896இல் பம்பாயிலே பிளேக்கு என்னும் கொள்ளைநோய் புகுந்ததே இந்தியச் சட்டத்துக்குக் காரணம். இரண்டு சட்டங்களும் நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்து, 2020இல் கொரோனா வந்தபோது மீண்டும் கையில் எடுக்கப்பட்டன.

ஒரு துறவியும் இரண்டு சட்டங்களும் ஒரே ஆண்டில் நம் கண்முன் வந்து நிற்பது தற்செயலே. ஆயினும் அதிலிருந்து ஒரு வினா எழுகின்றது. கொள்ளைநோய்க் காலத்திலே சட்டத்துக்குச் செய்ய முடியாத எதைச் சமயம் செய்ய முடியும்? சமயம் செய்யத் தகாதது எது? இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூனாவின் பாடம்

முதலிற் சட்டம் மட்டும் தனித்து நின்ற இடத்தைக் காண்போம். 1897இன் தொடக்கத்திலே பூனா நகரிற் பிளேக்கு பரவியது. அதை ஒடுக்குவதற்கு இராண்டு என்னும் ஆங்கிலேய அதிகாரியை அரசாங்கம் நியமித்தது. வீடு வீடாய்ச் சோதனையிடும் பணி பட்டாளத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிப்பாய்கள் பூசையறைக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் புகுந்தனர். நோய் உண்டோ என்று பெண்களையும் பார்வையிட்டனர். நோயாளி அகப்பட்டால் அவனை வைத்தியசாலைக்கும், உறவினரைத் தனி முகாமுக்கும் கொண்டு சென்றனர். வீட்டுப் பொருள்களிற் பலவற்றை எரித்தனர்.

விளைவு யாது? மக்கள் நோயாளியை ஒளித்தனர். இறந்தவனை இரவோடிரவாக மறைத்து அடக்கினர். நோயை விட நோய் தீர்க்க வந்தவர்களுக்கே அதிகம் அஞ்சினர். 1897 சூன் 22ஆம் நாள் இரவு இராண்டு சுடப்பட்டார். சில நாட்களிலே இறந்தார். சாபேகர் சகோதரர்கள் தூக்குமேடை ஏறினர். கொலையை நாம் போற்றவில்லை. ஆயினும் நல்ல நோக்கமும் வலிய சட்டமும் இருந்தும், நம்பிக்கை ஒன்று இல்லாதபோது சுகாதாரப் பணி எவ்வளவு கொடிய முடிவுக்கு வரும் என்பதற்குப் பூனாவே சான்று.

அதே பூனாவிலே, அதே ஆண்டிலே வேறொரு காட்சியும் உண்டு. பெண் கல்விக்கு வித்திட்ட சாவித்திரிபாய் பூலே அம்மையார் தம் மகன் நடத்திய மருத்துவ நிலையத்துக்கு நோயாளிகளைச் சேர்ப்பித்துப் பணி செய்தார். அப்பணியிலே நோய் தொற்றி 1897 மார்ச்சு 10இல் உயிர் நீத்தார். சிப்பாய் வந்தபோது அடைக்கப்பட்ட கதவுகள் அந்த அம்மையாருக்குத் திறந்தன. கதவைத் தட்டுவதும் உடைப்பதும் சட்டத்தால் இயலும். உள்ளிருப்பவர் தாமே வந்து திறப்பது நம்பிக்கையால் மட்டுமே இயலும்.

கல்கத்தாவின் துடைப்பம்

1898 ஏப்ரலிற் பிளேக்கு கல்கத்தாவை எட்டியது. நகரமே நடுங்கிற்று. பூனாவின் செய்திகள் வங்காளத்துக்கு முன்னரே வந்திருந்தன. கட்டாயமாக ஊசி போடுவார்கள், பெண்களை இழுத்துச் செல்வார்கள் என்னும் வதந்திகள் பரவின. மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டு ஓடினர்.

அப்பொழுது தார்ச்சிலிங்கு மலையிலே உடல்நலம் கருதித் தங்கியிருந்த விவேகானந்த சுவாமிகள் செய்தி கேட்டு மே மாதத் தொடக்கத்திலே கல்கத்தா திரும்பினார். வந்ததும் முதல் வேலையாக மக்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டதன்று. தெருவில் நடப்பவனும் கேட்டு விளங்கிக் கொள்ளும்படி வங்காளியிலும் இந்தியிலும் வெளியிடப்பட்டது. அஞ்சாதீர்கள், வதந்திகளை நம்பாதீர்கள், வீட்டையும் உடையையும் உடலையும் தூய்மையாக வைத்திருங்கள், எவருக்கும் வலிந்து ஊசி போடப்படாது, துணையற்றவர்க்கு நாங்கள் துணையிருப்போம் என்பதே அதன் சாரம். அரசாங்கத்தை எதிர்க்கத் தூண்டவுமில்லை. அதற்குத் துதி பாடவுமில்லை. மக்களின் அச்சம் எதுவோ அதற்கு நேராக விடை சொல்லிற்று.

பணத்துக்கு எங்கே போவது என்று சகோதரத் துறவி ஒருவர் கேட்டார். வேண்டுமானால் மடத்துக்காகப் புதிதாக வாங்கிய நிலத்தையே விற்போம் என்று சுவாமிகள் கூறியதாக அவர் வரலாறு சொல்கின்றது. பேலூரிலே கங்கைக் கரையில் அப்பொழுதுதான் வாங்கப்பட்ட நிலம் அது. தெய்வத்துக்குக் கோயில் எழுப்ப வைத்திருந்த மண்ணை நோயாளிக்காக விற்கத் துணிவதே சமயம் என்பது அவர் கொள்கை. நல்வேளையாக அந்த ஆண்டு நோய் பெரிதும் பரவவில்லை. நிலத்தை விற்க நேரவுமில்லை.

மறு ஆண்டு நோய் கடுமையாகத் திரும்பியது. 1899 மார்ச்சு மாத இறுதியில் இராமகிருஷ்ண மிசன் பிளேக்குத் தொண்டைத் தொடங்கியது. அயர்லாந்திலே பிறந்து, சுவாமிகளின் மாணவியாகி, முந்திய ஆண்டிலேதான் கல்கத்தா வந்திருந்த சகோதரி நிவேதிதை செயலாளரானார். சதானந்த சுவாமிகள் களப்பணிக்குத் தலைவரானார். காவியுடுத்த துறவி, தோட்டிகளோடு தோட்டியாகப் பாக்பசார்ச் சேரிகளில் இறங்கினார். குப்பைகள் வண்டி வண்டியாக அள்ளப்பட்டன, சாக்கடைகள் வாரப்பட்டன, குடிசைகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. நகர அதிகாரிகளோடு சேர்ந்தே இவை நடந்தன. எந்தச் சேரிக்கு எப்பொழுது செல்வது, எதைத் தெளிப்பது என்பவற்றை வைத்தியம் அறிந்தவர்கள் கூறினர். கதவைத் திறக்கச் செய்வதைத் துறவிகள் மேற்கொண்டனர். அவரவர் வேலையை அவரவர் செய்தனர்.

பிற்காலத்திற் பெரும் வரலாற்றாசிரியராய் விளங்கிய யதுநாத சர்க்கார் அந்நாட்களிலே கண்ட காட்சியொன்றை நினைவுகூர்ந்திருக்கின்றார். ஒரு தெருவைக் கூட்ட ஆளில்லாதபோது வெள்ளைக்கார மாது ஒருவர் துடைப்பத்தைத் தாமே எடுத்துக் கூட்டத் தொடங்கினார். அதைக் கண்டு நாணிய அத்தெரு இளைஞர்கள் துடைப்பத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்த மாது நிவேதிதையே.

வைத்தியர் இராதா கோவிந்த கர் கூறும் நிகழ்ச்சியோ நெஞ்சை உருக்குவது. பிளேக்கு கண்ட ஒரு சிறுவனைப் பற்றி விசாரிக்க நிவேதிதை அவர் வீட்டு வாயிலிற் காத்திருந்தார். அக்குடிசைக்குப் போவது ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்தார். பின்னர் அவர் அங்கே சென்றபோது, ஈரம் கசியும் குடிசையிலே அக்குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு நிவேதிதை அமர்ந்திருந்தார். குடிசைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தபோது தாமே ஏணியில் ஏறி அடித்தார். குழந்தை பிழைக்கவில்லை, அவர் அணைப்பிலேயே உயிர் நீத்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாடகக் கொட்டகையிலே நிவேதிதை மாணவர்களைக் கூட்டிப் பேசினார். பிளேக்கும் மாணவர் கடமையும் என்பதே பொருள். விவேகானந்த சுவாமிகள் தலைமை வகித்தார். கூட்டம் முடிந்ததும் சுமார் 15 மாணவர்கள் தொண்டுக்குப் பெயர் கொடுத்தனர். இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த மாநகரில் முன்வந்தோர் பதினைவரே. ஆயினும் தொண்டு நடந்தது. எண்ணிக்கை குறைவென்று நம் சங்கக் கூட்டங்களிற் சோர்வடையும் போதெல்லாம் இந்தப் பதினைவரை நினைத்துக் கொள்ளலாம்.

இன்னொன்றையும் நாம் ஒளியாமற் கூற வேண்டும். துடைப்பம் பிளேக்கைத் தீர்க்கும் மருந்தன்று. எலித் தெள்ளே இந்நோயைப் பரப்புகின்றது என்பதைப் பிரெஞ்சு வைத்தியர் சிமோண்டு 1898இலேதான் கராச்சியிற் கண்டுபிடித்தார்; உலகம் அதை ஏற்கப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன. குப்பை அகன்றால் எலி குறையும் என்பதளவிலே கல்கத்தாத் தொண்டு பயன் தந்திருக்கலாம். அதன் பெரும் பயன் வேறு. நோய் கண்டவனைக் கைவிடாத மனிதர் இருக்கின்றனர் என்று சேரி மக்கள் கண்ணாற் கண்டனர். அப்படிக் கண்டவர்கள் நோயை ஒளிக்க வேண்டியதில்லை.

மாரியம்மனும் அம்மைப்பாலும்

கல்கத்தாவை விட்டு நம் மலைக்கு வருவோம். படிப்பறிவில்லாத நம் பாட்டிமார் அம்மை கண்டவர்க்குச் செய்தவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாயிலில் வேப்பிலை செருகுவர். குளிர்ந்த மலையில் வேம்பு எளிதில் வளராது; ஆதலால் கீழ்நாட்டிலிருந்து வருவித்தாவது செருகுவர். அந்த அடையாளத்தைக் கண்டவர் எவரும் உள்ளே போகார். ஒருவர் மட்டுமே நோயாளியைப் பார்ப்பார். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரையில் வீட்டில் விசேடம் இல்லை, விருந்தில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்று சொல்லி நோயாளியை வெறுக்காமற் பேணினர். தனிமைப்படுத்தல் என்று இன்று நாம் கூறுவதை அவர்கள் பக்தியின் பெயராற் செய்தனர். சட்டம் செய்தபோது அழுகை வந்தது. அம்மன் பெயராற் செய்தபோது வரவில்லை.

இதனால் வேப்பிலையே அம்மையை ஒழித்தது என்று கூறுவோமாயின் அது பெரும் பிழை. அம்மையை ஒழித்தது அம்மைப்பால். இலங்கையில் 1802 முதலே அம்மைப்பால் குத்தப்பட்டு வந்தது. அம்மாள் கோபிப்பாள் என்று அஞ்சி மறுத்தவர்களும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சம் தணிந்தது. பிற்காலத்தில் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமிலே, தோட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டு, உடைகள் நீராவியில் இடப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டே கப்பலேற விடப்பட்டனர். 1980 மே மாதம் உலகெங்கும் பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மை ஒழிந்தது, அம்மன் திருவிழா ஒழியவில்லை. தடுப்பூசியால் தெய்வத்துக்கு இழுக்கு வரும் என்று எண்ணுவோர்க்கு நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலே விடையாகும்.

நாம் கண்ட கொள்ளைநோய்

இனி நம் வாழ்நாளில் நாமே கண்டதைக் கூறுவோம். 2020 மார்ச்சு 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பங்குனி சித்திரைத் திருவிழாக்களுக்குத் தோட்டங்கள் ஆயத்தமாகும் காலம் அது. காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்பது நம் பழைய வழக்கம். அவ்வாண்டு நாடு முழுவதற்குமே காப்புக் கட்டியது போலாயிற்று. தேர் நின்றது, கரகம் நின்றது. கொழுந்து மட்டும் நிற்கவில்லை. ஏற்றுமதிப் பொருள் என்பதால் தேயிலை வேலை தொடர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே ஐவரும் அறுவரும் வாழும்போது ஒருவரை ஒருவர் விலகியிருங்கள் என்று சொன்னால் எங்கே விலகுவது? தனிமைப்படுத்தல் நிலையங்களைப் படையினர் நடத்தினர்; கொரோனாத் தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதியே தலைவராயிருந்தார். நோய் என்று சொன்னால் பேருந்து வந்து வீட்டாரை ஏற்றிச் செல்லும், நாட்சம்பளம் போகும் என்னும் அச்சம் லயங்களிலே பரவியது. காய்ச்சலைத் தடிமன் என்று மறைத்தவர்கள் உண்டு. 1897இன் பூனா 2020இன் மலையகத்திலும் சிறு அளவிற் தலை காட்டியது.

அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் ஊர் திரும்பும் நாள். நோய் மேல் மாகாணத்திற் பெருகியிருந்ததால் அங்கிருந்து வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அதைச் சட்டமாக அறிவிப்பது ஒன்று. வராதே மகனே, நீ வராமல் இருப்பதே இவ்வாண்டுப் பூசை என்று தாயும் பூசகரும் கூறுவது மற்றொன்று. அவ்வாறு கூறிய பெரியவர்களைப் பெற்ற தோட்டங்கள் பேறு பெற்றவை.

அடுத்த மாதம் நடந்ததோ நாம் நாணத்தக்கது. கேகாலை மாவட்டத்திலே ஒருவர், காளி தேவி தமக்கு அருளினாள் என்று கூறி, தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்று கொரோனாவை வராமற் தடுக்கும் என்றார். 2020 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு அவ்வூரிலே திரண்டனர். நோயைத் தடுக்கும் மருந்தை வாங்க நோயைப் பரப்பும் கூட்டம் கூடிற்று! அந்நாட் சுகாதார அமைச்சரும் பகிரங்கமாக அப்பாணியைப் பருகினார். 2021 சனவரியில் அவருக்கும் நோய் தொற்றியது.

இங்கே நிவேதிதையை மீண்டும் நினைப்போம். 1899 பெப்ரவரியிற் கல்கத்தா ஆல்பர்ட்டு மண்டபத்திலே அவர் பேசிய பொருளும் காளியே. அடுத்த மாதமே அவர் சேரியில் இறங்கினார். ஓரிடத்திற் காளியின் பெயர் துடைப்பமாயிற்று. மற்றோரிடத்திற் காளியின் பெயர் போத்தலாயிற்று. குற்றம் பக்தியினிடத்திலில்லை. பக்தி நோயாளியின் அருகில் நம்மைக் கொண்டுபோய் அமர்த்துகின்றதா, வைத்தியனின் இடத்தைத் தான் பறிக்கப் பார்க்கின்றதா என்பதே உரைகல்.

இன்னும் ஒன்று உண்டு. அதைக் கூறாமல் இக்கட்டுரையை முடித்தால் நாம் நேர்மையற்றவராவோம். 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வர்த்தமானி அறிவித்தலால், கொரோனாவில் இறந்த எவராயினும் அவரை எரித்தே ஆகவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சட்டம் அதே 1897இன் கட்டளைச் சட்டம். புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவையே என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. இறந்தவரை எரிப்பதை மார்க்கம் அனுமதியாத முஸ்லிம் மக்கள் மன்றாடினர், உயர் நீதிமன்றத்துக்கும் சென்றனர், பயனில்லை. பிறந்து 20 நாளேயான பாலகனின் உடலும் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற் கம்பிகளிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றனர். பத்து மாதங்களுக்குப் பின், 2021 பெப்ரவரி 25இலேதான் அவ்விதி மாற்றப்பட்டது. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024 சூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

அந்தப் பத்து மாதங்களில் நாம் என்ன செய்தோம்? நம் சந்தையிலே கடை வைத்திருப்போரும், தீபாவளிக்குத் துணியைக் கடனாகக் கொடுப்போரும் முஸ்லிம்கள் அல்லரா? நம் தோட்டங்களிலும் இறந்தவரை மண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லையா? ஆயினும் இது நம் சங்கதி அன்று என்று நம்மிற் பலர் வாளா இருந்தோம். நோயை வெல்ல ஒவ்வொரு சமூகத்தின் நம்பிக்கையும் தேவைப்பட்ட வேளையிலே, ஒரு சமூகத்தின் நம்பிக்கை முறிக்கப்பட்டது. பிணத்தை எரிப்பார்கள் என்று அஞ்சுபவன் நோயோடு வைத்தியசாலைக்கு எப்படி வருவான்? ஆகவே அது முஸ்லிம்களுக்கு இழைத்த அநீதி மட்டுமன்று, சுகாதாரத்துக்கே விரோதமாகும்.

இதற்கு நேர்மாறான சான்று ஆபிரிக்காவிலே உண்டு. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா என்னும் கொடுநோய் பரவி, 11,000 பேருக்கு மேல் இறந்தனர். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும் சடங்காலேயே நோய் பெரிதும் தொற்றியது. முதலிற் சடங்கை வலிந்து தடுத்தனர். மக்கள் உடலை ஒளித்தனர். பின்னர் உலக சுகாதார நிறுவனம் இஸ்லாமிய, கிறிஸ்தவ அமைப்புகளோடு கலந்து, அவ்வாண்டு நவம்பரிலே பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்க முறையை வெளியிட்டது. உடலைத் தொட்டுக் கழுவாமலே மார்க்கம் ஏற்கும் உலர் தூய்மை செய்யலாம், கபன் சாத்தலாம், தொழலாம் என்று வகுத்தனர். இமாம்களும் போதகர்களும் அதை மக்களுக்கு எடுத்துரைத்தனர். வைத்தியமும் விட்டுக்கொடுக்கவில்லை; சமயமும் இழிவுபடவில்லை. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினாற் போதும், வழி பிறக்கும்.

இனி நாம் செய்ய வேண்டியது

வரலாற்றைப் படிப்பது பெருமை பேசுவதற்கு மட்டுமானால் அது வீண். வலப்பனைப் பகுதியிலே, இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வாழும் இளைஞராகிய நாம் இப்பொழுதே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது மொழி. மிசன் பாடசாலையிற் பயின்ற நம்மிற் சிலர் மானிப்பாய் வைத்தியர் கிறீனைப் பற்றி அறிவோம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆங்கிலத்திற் கற்றவன் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவான். தமிழிற் கற்றவன் தன் ஊராரோடு இருப்பான் என்பது அவர் எண்ணம். விவேகானந்தர் அறிக்கையை வங்காளியில் வெளியிட்டதும் இக்கருத்தோடு ஒத்ததே. நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாம். அறிவித்தல் தமிழில் வராது தாமதிக்கும் போதெல்லாம் அவ்விடத்தை வதந்தி நிரப்புகின்றது. சுகாதாரப் பரிசோதகரின் செய்தியை அன்றே தமிழாக்கிக் கோயில் ஒலிபெருக்கியிலே வாசிப்பதற்கு நம் சங்கத்தில் இருவரேனும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். விடியற்காலைப் பக்திப் பாடலுக்கு அந்த ஒலிபெருக்கி இருக்கின்றது. உயிர்காக்கும் செய்திக்கும் இருக்கட்டும்.

இரண்டாவது கணக்கு. எந்த லயத்தில் தனித்து வாழும் முதியவர் யார், கர்ப்பிணி யார், நாள்தோறும் மருந்து உண்பவர் யார் என்பது தோட்டத்து மருத்துவிச்சிக்குத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் வாயிலிலே அரிசியும் பருப்பும் கொண்டுபோய் வைப்பவர் இருந்தால், நோயை மறைக்கும் காரணங்களிற் பாதி ஒழியும். இதற்கு வேண்டிய பணம் திருவிழா உண்டியலில் ஒரு பங்கை ஒதுக்கினாலே கிடைக்கும். மடத்து நிலத்தையே விற்கத் துணிந்தவரின் படத்தை மண்டபத்தில் மாட்டியிருக்கும் நாம் இவ்வளவேனும் செய்யலாகாதா?

மூன்றாவது வரம்பு. திருநீறு திருநீறாக இருக்கட்டும், அது மாத்திரையன்று. தீர்த்தம் தீர்த்தமாக இருக்கட்டும், அது தடுப்பூசியன்று. கோயிலின் பெயரால் எவரேனும் மருந்து விற்க வந்தால், வேண்டாம் என்று முதலிற் கூற வேண்டியவர் அக்கோயிலாரே.

நான்காவது அயலவர். விகாரையின் பிக்குவையும் தேவாலயத்துக் குருவையும் பள்ளிவாசல் மௌலவியையும் நோய் வந்தபின் தேடிப் போவதிற் பயனில்லை. இன்று, நலமாயிருக்கும் இந்நாளிலே, ஒருமுறை சந்தித்துப் பேசுவோம். நுளம்பு பெருகும் கானைத் துப்புரவாக்கும் ஒரு சிரமதானத்தையேனும் சேர்ந்து செய்வோம். அவர்கள் இறந்தோருக்கு நேரும் அவமதிப்பை நம் இறந்தோருக்கு நேர்ந்ததாகவே கொள்வோம்.

நம் முன்னோர் அந்த வடபாதையில் நோயாளியை விட்டுவிட்டு நடந்தனர் என்று தொடக்கத்திற் கூறினோம். அவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களுக்கு நிற்க நிழலில்லை; மருந்தில்லை; மறுநாள் உணவுமில்லை. நமக்கு வைத்தியசாலை உண்டு, பாடசாலை உண்டு, கோயில் உண்டு, சங்கம் உண்டு. எனவே விட்டுவிட்டு நடக்கும் உரிமை நமக்கில்லை. அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டில், எந்தப் பெயரோடு வரும் என்பதை எவரும் அறியார். அது வரும்போது நம் லயத்துக் கதவுகள் யாருக்குத் திறக்கும் என்பதை மட்டும் நாம் இன்றே முடிவு செய்யலாம். கல்கத்தாவிலே பதினைந்து மாணவர் பெயர் கொடுத்தனர். வலப்பனையிலே எத்தனை பேர்?